தொற்று நோயாளிக்கு நர்சிங் டயக்னோசிஸ் எழுதுவது எப்படி: காரணத்தில்தான் வேலை இருக்கிறது

நோயாளியின் பராமரிப்பைத் திட்டமிடும் கேர் பிளான் தாளை எடுத்ததும் டயக்னோசிஸ் கட்டத்தில் "நிமோனியா" என்று எழுதிவிட்டு, அடுத்த கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் திகைத்து நிற்கும் மாணவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அவர்கள் திகைப்பதில் ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் அந்த வார்த்தையிலிருந்து செவிலியருக்கு ஒரு வேலையும் பிறக்காது. நிமோனியா மருத்துவர் கண்டறிந்த நோய், அதற்கு ஆன்டிபயாடிக் எழுதுவது அவர் பொறுப்பு. நாம் எழுத வேண்டியது வேறு: அந்த நோய் இந்தக் கட்டிலில் இருக்கும் இந்த மனிதரை இப்போது என்ன பாடுபடுத்துகிறது, ஏன், அதில் நம் கையால் எதை மாற்ற முடியும். ஒரே வார்டில் இரண்டு நிமோனியா நோயாளிகள் இருந்தால் மருத்துவ டயக்னோசிஸ் ஒன்றாகத்தான் இருக்கும், நர்சிங் டயக்னோசிஸ் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

வரலாறு இரண்டு வரி போதும். செவிலியர்கள் கையாளும் பிரச்சினைகளுக்குப் பொதுவான பெயர்கள் வேண்டும் என்று 1973-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு மாநாடு கூடியது, அதிலிருந்து 1982-ல் நாண்டா (வட அமெரிக்க நர்சிங் டயக்னோசிஸ் சங்கம்) உருவானது, 2002-ல் அது நாண்டா இன்டர்நேஷனல் ஆனது. இன்று நாம் பாடத்தில் படிக்கும் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் அவர்களுடையது. பதிப்புக்குப் பதிப்பு சில பெயர்கள் மாறும், அதனால் உங்கள் கல்லூரியோ மருத்துவமனையோ எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொண்டு அந்தப் பெயரையே எழுதுங்கள். நான் இங்கே தமிழில் சொல்வது பொருள் விளங்குவதற்காக.

எழுதும் வடிவம் பி.இ.எஸ் என்று எல்லோருக்கும் தெரியும்: பிரச்சினை, காரணம், சான்று. பிரச்சினையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், சான்றைச் சார்ட்டிலிருந்து எடுத்துவிடலாம். நடுவில் இருக்கும் காரணத்தை மட்டும் எங்கிருந்தும் எடுக்க முடியாது, நோயாளியின் பக்கத்தில் நின்று யோசித்துத்தான் எழுத வேண்டும். அதனால்தான் அந்த இடத்தில் நோயின் பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். "நிமோனியாவினால் மூச்சுப்பாதை அடைப்பு" என்று எழுதினால் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் அந்த வரியில் இல்லை. அதையே "சளி கெட்டியாக இருப்பதாலும் நெஞ்சு வலிக்குப் பயந்து இருமலை அடக்குவதாலும்" என்று எழுதிப் பாருங்கள், செய்ய வேண்டியது தானாக வரிசையில் வந்து நிற்கும். காரணத்தை எழுதி முடித்ததும் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் காரணத்தை இந்த ஷிப்டில் நான் கொஞ்சமாவது குறைக்க முடியுமா? முடியாது என்றால் இன்னும் ஒரு படி உள்ளே போய்த் தேடுங்கள்.

பார்க்க வேண்டியதை முதலில் பாருங்கள்

டயக்னோசிஸ் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் நோயாளியிடம் போங்கள். தொற்று என்று வந்துவிட்டால் நான் விடாமல் பார்ப்பவை: காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதைவிட சார்ட்டில் அது எப்படி ஏறி இறங்குகிறது என்பது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பது), நாக்கும் உதடும் ஈரமாக இருக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனார், எத்தனை முறை வயிற்றுப்போக்கு, அது எப்படி இருந்தது, கேனுலா (டிரிப் ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் சிறு குழாய்) போட்ட இடம் சிவந்திருக்கிறதா, எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் எடுத்து அனுப்பியாயிற்றா. அப்புறம் கூட இருப்பவர் யார், அவருக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது.

மூச்சு எண்ணிக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வார்டில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் எண் இதுதான். வரிசையாக எல்லோருக்கும் 20, 20, 20 என்று எழுதிய சார்ட்டுகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். தொற்று முற்றும்போது ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே மூச்சு வேகமாகிவிடும், அதனால் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், எண்ணுவது நோயாளிக்குத் தெரியாமல் மணிக்கட்டில் நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள், தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார்.

வயதானவர்களிடம் இன்னொரு எச்சரிக்கை. அவர்களுக்குக் கடுமையான தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று இடம் தெரியாமல் பேசுகிறார், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், கட்டிலிலிருந்து விழுகிறார் என்றால் அதுவே தொற்றின் முதல் அடையாளமாக இருக்கலாம். "வயசாகிவிட்டது, அப்படித்தான் பேசுவார்" என்று யாராவது சொன்னால் வீட்டுக்காரர்களிடம் நேற்று எப்படி இருந்தார் என்று கேளுங்கள். திடீர்க் குழப்பம் என்பதே ஒரு நர்சிங் டயக்னோசிஸ், அதை எழுதுங்கள், எழுதியதோடு நிற்காமல் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

ஒரு நோயாளியை வைத்து எழுதிப் பார்ப்போம்

பயிற்சிக்காக நானே கற்பனை செய்த நோயாளி இவர். 58 வயது ஆண், நிமோனியா. காய்ச்சல் 39.2 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 102.5 ஃபாரன்ஹீட். மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் இல்லாமல் சாச்சுரேஷன் 91 சதவீதம், சளி மஞ்சளாகவும் கெட்டியாகவும் வருகிறது. இருமும்போது வலது விலாவைப் பிடித்துக்கொள்கிறார், பாதியில் நிறுத்திவிடுகிறார். இரண்டு நாளாகச் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை, நாக்கு வறண்டிருக்கிறது, சிறுநீர் அடர் மஞ்சள். "மூச்சே விட முடியாமல் போய்விடுமோ என்று ராத்திரி தூங்கவே இல்லை" என்கிறார்.

இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். வறண்ட நாக்கும் கெட்டிச் சளியும் தனித்தனிச் செய்திகள் இல்லை, உடம்பில் நீர் குறைந்ததால் சளி இன்னும் கெட்டியாகிறது. விலாவைப் பிடித்துக்கொள்வதும் சாச்சுரேஷன் இறங்குவதும் கூட ஒன்றோடொன்று கட்டுண்டவை, வலியால் ஆழமாக மூச்சு இழுக்கவில்லை, இருமவில்லை, சளி உள்ளேயே தங்குகிறது. இப்போது எழுதலாம்: மூச்சுப்பாதையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இயலாமை, காரணம் நீர்க்குறைவால் கெட்டியான சளியும் நெஞ்சு வலியால் இருமலை அடக்குவதும், சான்று பாதியில் நிற்கும் இருமல், கெட்டியான மஞ்சள் சளி, மூச்சு 28, சாச்சுரேஷன் 91.

இந்த ஒரு வாக்கியத்திலிருந்து என்னென்ன கிளம்புகிறது பாருங்கள். வலி மருந்து எழுதியிருந்தால் அதைக் கொடுத்து, வேலை செய்ய நேரம் விட்டு, அதற்கப்புறம் இருமல் பயிற்சி. இருமும்போது விலாவோடு ஒரு தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பது. இதயமோ சிறுநீரகமோ பழுதில்லை என்று உறுதி செய்துகொண்டு மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாக நீர் கொடுப்பது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்திவைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுவது. வாயைச் சுத்தம் செய்வது. மருத்துவர் எழுதிய அளவில் ஆக்சிஜன். "நிமோனியாவினால்" என்று எழுதியிருந்தால் தலையணை உங்கள் நினைவுக்கு வந்திருக்காது.

இலக்கையும் அளக்கும்படி எழுதுங்கள். "நோயாளி நலமாக இருப்பார்" என்று எழுதினால் நாளை காலை அதை யாரும் சரிபார்க்க முடியாது. "நாளை காலை 8 மணிக்குள் தலையணையை அணைத்து முழுதாக இருமிச் சளியை வெளியே எடுப்பார், மூச்சு எண்ணிக்கை 24-க்குக் கீழே வரும்" என்று எழுதுங்கள்.

அவருடைய பயம்? அதுவும் ஒரு டயக்னோசிஸ்தான், அவர் சொன்ன வார்த்தைகளே சான்று. ஆனால் வரிசையில் பின்னால் வரும். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசை எந்தத் தொற்றிலும் மாறாது. ஒரு ஷிப்டுக்கு மூன்று நான்கு டயக்னோசிஸ் போதும் என்பது என் கருத்து. பத்து எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம், அவற்றில் எதையும் யாரும் செய்து முடிக்க மாட்டார்கள்.

காய்ச்சல்

அதிக உடல் வெப்பம் என்பது தொற்று வார்டில் எல்லோரும் எழுதும் டயக்னோசிஸ், எழுதிவிட்டு எல்லோரும் செய்வது ஈரத்துணி. கொஞ்சம் நிதானியுங்கள். தொற்றில் வரும் காய்ச்சலில் மூளையே வெப்ப அளவை மேலே தூக்கி வைத்திருக்கிறது, அந்த அளவுக்கு உடம்பு ஏறும் வரை நோயாளிக்குக் குளிரும், நடுங்கும். அந்த நேரத்தில் ஈரத்துணி போட்டால் நடுக்கம் அதிகமாகி உடம்பு இன்னும் வெப்பத்தை உண்டாக்கும். நடுங்கும்போது போர்வை, ஏறி முடித்துச் சூடாக இருக்கும்போது மெல்லிய உடையும் காற்றோட்டமும், வியர்க்கும்போது துணி மாற்றி நீர் கொடுப்பது. ஐஸ் தண்ணீர், ஸ்பிரிட் எல்லாம் வேண்டாம்.

வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி நிமிடத்துக்குச் சுமார் 10 ஏறுவது வழக்கம். 39.5 டிகிரி காய்ச்சலில் நாடி 84 மட்டும் என்றால் அதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள், டைபாய்டு போன்ற சில நோய்களில் அப்படி வரும்.

வயிற்றுப்போக்கும் நீர் இழப்பும்

இங்கே எண்கள்தான் பேசும். பெரியவர்களுக்குச் சிறுநீர் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது வர வேண்டும், 60 கிலோ நோயாளிக்கு மணிக்கு 30 மில்லி. ஒரே நாளில் ஒரு கிலோ எடை குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம், அதனால் முடிந்தால் தினமும் அதே நேரத்தில் அதே எடைக்கருவியில் எடை பாருங்கள். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை கூடப் போகலாம், "நிறையப் போகிறது" என்று எழுதினால் அடுத்த ஷிப்ட் என்ன புரிந்துகொள்ளும்? அளந்து எழுதுங்கள். அளக்க முடியாவிட்டால் எத்தனை முறை, எவ்வளவு பெரிய நனைவு என்றாவது எழுதுங்கள்.

ஆசனவாயைச் சுற்றியுள்ள தோல் வெந்துபோவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை போகிறவர் வலிக்கும் என்பதற்காகவே சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொள்வார், யாரிடமும் சொல்ல மாட்டார், கூச்சம். அதைக் கேட்டு, துடைப்பதற்குப் பதிலாக மென்மையாகக் கழுவி ஒற்றியெடுத்து, தோலைக் காக்கும் களிம்பு போட்டால் அவர் தண்ணீர் குடிப்பார். நீர்க்குறைவுக்கான காரணக் கட்டத்தில் "வலிக்குப் பயந்து குடிப்பதைக் குறைத்தல்" என்று எழுதியவர்களை நான் மிகச் சிலரைத்தான் பார்த்திருக்கிறேன், அவர்கள் நோயாளியிடம் உட்கார்ந்து பேசியவர்கள்.

டெங்கு: டயக்னோசிஸ் நாளுக்கு நாள் மாறும்

ஒருமுறை எழுதிய கேர் பிளானை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதற்கு டெங்குவைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. முதல் நாட்களில் அதிகக் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி, குமட்டல். அப்போது வெப்பம், வலி, நீர்க்குறைவு ஆகியவைதான் டயக்னோசிஸ். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் கொடுக்கக் கூடாது, தசையில் ஊசி போடக் கூடாது.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் எப்போதோ காய்ச்சல் இறங்கும். வீட்டுக்காரர்கள் முகத்தில் நிம்மதி தெரியும். நாம் அப்போதுதான் அதிகம் பயப்பட வேண்டும். அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசியத் தொடங்குகிறது, 24 முதல் 48 மணி நேரம் அது நீடிக்கும். ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறது, பிளேட்லெட் சட்டென்று இறங்குகிறது. விடாத வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, அல்லது காரணமில்லாத படபடப்பு, இவற்றில் ஏதாவது வந்தால் உடனே மருத்துவர். மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேல் அழுத்தம் 100 இருந்தாலும் அது ஆபத்து. இந்தக் கட்டத்தில் முதல் வரி ஷாக், அதாவது ரத்த ஓட்டம் குலையும் அதிர்ச்சி நிலைக்கான அபாயம், அடுத்தது ரத்தக்கசிவுக்கான அபாயம்.

அப்புறம் கசிந்த நீர் திரும்பி ரத்தத்துக்குள் வரும். டிரிப் முன்பு போன வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தால் இப்போது மூச்சுத் திணறும். நேற்று நீர்க்குறைவு என்று எழுதிய அதே நோயாளிக்கு இன்று நீர் மிகுதி அபாயம். நேற்றைய தாளைப் பார்த்து "நீர் அதிகம் கொடுக்கவும்" என்று தொடர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

"தொற்று அபாயம்" என்று எழுதும்போது

தொற்று இருக்கும் நோயாளிக்கே "தொற்று ஏற்படும் அபாயம்" என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. அவருக்கு ஏற்கனவே தொற்று வந்துவிட்டது. அந்த டயக்னோசிஸ் அவருக்குப் புதிதாக இன்னொன்று வரக்கூடும் என்பதைச் சொல்ல உள்ளது, அதனால் எந்த வழியாக என்று காட்டுங்கள்: மூன்றாவது நாளாக இருக்கும் கேனுலா, தேவை முடிந்தும் எடுக்காத கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), ஸ்டீராய்டு, குறைந்த வெள்ளணு. அப்படி எழுதினால் "கதீட்டர் இன்னும் தேவையா என்று இன்று கேட்க வேண்டும்" என்ற வேலை வந்துவிடும். இன்னொன்று, அபாய டயக்னோசிஸில் சான்று எழுதக் கூடாது, அபாயக் காரணிகள் மட்டும்தான். சான்று இருந்தால் அது அபாயம் என்ற நிலையைத் தாண்டி நடந்தே விட்டது.

அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவுவது தனி விஷயம். நர்சிங் டயக்னோசிஸ் கையேடுகள் எழுதிய அமெரிக்கச் செவிலியர் லிண்டா கார்பெனிட்டோவின் பட்டியலில் தொற்றைப் பரப்பும் அபாயம் என்று அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது. அதை எழுதும்போதும் நோயின் பெயரோடு நிற்காமல் பரவும் வழியை எழுதுங்கள். காசநோயும் தட்டம்மையும் காற்றில் மிதந்து போகும், தனி அறை, கதவு மூடியிருக்க வேண்டும், முடிந்தால் உள்காற்று வராந்தாவுக்குக் கசியாத எதிர்மறை அழுத்த அறை, நமக்கு என்95, நோயாளி வெளியே போகும்போது அவருக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க். இன்ஃப்ளூயன்ஸாவுக்கும் கக்குவானுக்கும் திவலைத் தடுப்பு, அதாவது இருமல் தும்மலில் தெறிக்கும் துளிகளுக்கான தடுப்பு. ஆன்டிபயாடிக் எடுத்தபின் வரும் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் பாக்டீரியா வயிற்றுப்போக்கில் கை சானிடைசர் போதாது, ஆல்கஹால் அதன் ஸ்போர்களை (கடினமான உறை கொண்ட உறங்கும் வடிவத்தை) கொல்லாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான்.

தனி அறையில் இருப்பவரின் தனிமை

இதைப் பத்தோடு பதினொன்றாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. தனிமைப்படுத்தப்பட்ட நோயாளிகளின் அறைக்கு ஊழியர்கள் குறைவாகவே போகிறார்கள் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன, நம் அனுபவமும் அதுதான். கவுன் போட வேண்டும், மாஸ்க் போட வேண்டும், அதனால் "எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையாகப் போகலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். உள்ளே இருப்பவருக்கு அது "என்னைத் தொடவே பயப்படுகிறார்கள்" என்று படுகிறது. ஒரு அம்மா என்னிடம், "நீ கதவுக்கு வெளியே நின்னாவது முகத்தைக் காட்டிட்டுப் போம்மா" என்று கேட்டார். அன்றிலிருந்து அதை என் கேர் பிளானில் ஒரு வேலையாகவே எழுதுகிறேன்: மாஸ்க் போடுமுன் கண்ணாடிக்கு வெளியே நின்று முகம் காட்டுவது, மறுபடி எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்வது, சொன்ன நேரத்துக்குப் போவது, வீட்டாரோடு வீடியோ காலில் பேச வைப்பது. காரணக் கட்டத்தில் "தனிமைப்படுத்தல்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதை நீக்க உங்களால் முடியாது. "ஊழியர் வருகை குறைந்ததும், எத்தனை நாள் என்று யாரும் சொல்லாததும்" என்று எழுதினால் முடியும்.

அறிவுக்குறைவு, அதாவது நோயாளிக்குத் தன் நோயையும் சிகிச்சையையும் பற்றி விவரம் தெரியாமை என்ற டயக்னோசிஸுக்கும் இதே விதி. காசநோயாளி மருந்தை நிறுத்திவிட்டார் என்றால் "புரியவில்லை" என்று எழுதிவிடாமல் எது புரியவில்லை என்று கேளுங்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அதை ரத்தம் என்று நினைத்துப் பயந்து நிறுத்தியிருக்கலாம். ஒரு மாதத்தில் இருமல் போய்விட்டதால் குணமாகிவிட்டது என்று நினைத்திருக்கலாம், வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். சொல்லிக் கொடுத்ததும் "புரிந்ததா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

நம் எல்லைக்கு வெளியே போகும்போது

தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் செப்சிஸை நர்சிங் டயக்னோசிஸாக எழுதாதீர்கள். அதை நாம் தனியாகச் சரிசெய்ய முடியாது, மருத்துவரோடு சேர்ந்து கையாளும் கூட்டுப் பிரச்சினை அது. நம் பங்கு முன்கூட்டியே கண்டுபிடிப்பது. மூச்சு 22 அல்லது அதற்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ், நினைவுத் தெளிவில் மாற்றம், இவற்றில் இரண்டு சேர்ந்தால் காத்திருக்காமல் கூப்பிடுங்கள். இரண்டு சேரவில்லை என்பதால் நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள், நோயாளியைப் பார்த்தால் உங்களுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டாலும் கூப்பிடுங்கள். பிளட் கல்ச்சர் ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் எடுக்க வேண்டும், ஆனால் கல்ச்சருக்காக ஆன்டிபயாடிக்கைத் தாமதிக்கக் கூடாது. செப்டிக் ஷாக்கில் முதல் டோஸ் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும்.

ஷிப்ட் முடியும்போது இலக்கு நிறைவேறியதா, பாதியா, இல்லையா என்று எழுதுங்கள். இல்லை என்றால் பெரும்பாலும் காரணத்தைத்தான் தவறாகப் பிடித்திருப்போம், அந்தக் கட்டத்தை முதலில் திருத்துங்கள். ஹேண்ட் ஓவரில் "நிமோனியா, ஐ.வி. ஆன்டிபயாடிக் போகிறது" என்பதோடு விடாமல், "வலி மருந்து கொடுத்தபின்தான் இருமுகிறார், அடுத்த டோஸ் 10 மணிக்கு, அதற்கப்புறம் தலையணை வைத்து இருமச் சொல்லுங்கள்" என்று வருகிறவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.